மாமன் வண்டிக்கு அகலச் சக்கரம்

ஏனுங்க தம்பி, ஏறுனதுல இருந்து அந்தச் செல்லுல சக்கரப் படமாவே தள்ளித் தள்ளிப் பாத்துட்டு வர்றீங்களே, வண்டி எதாச்சும் வெச்சிருக்கீங்களா? எட்டிப் பாக்கறன்னு கோவிச்சுக்காதீங்க, பக்கத்துல உக்காந்தா கண்ணு போகத்தான் செய்யும். என்ன வண்டி? பழைய ஃபியட்டா? அட, நல்ல வண்டியாச்சே. அதுக்கு அலாய் வீல் போடலாம்னு இருக்கீங்க, அதுலயும் அகலமாப் போடலாம்னு இருக்கீங்க. சரிதானுங்க?

வேண்டாமுங்க. சின்ன வண்டிக்கு அகலச் சக்கரம் ஆகாதுங்க. பட்டவன் சொல்றன், கேட்டுக்குங்க. அந்தச் சக்கரத்துனால ஒரு மனுசன் போயே போயிட்டான். எங்க மாப்ள, என்ற தங்கச்சி புருசன். அந்தக் கேசுக்குத்தான் இப்ப கோயமுத்தூர் கோர்ட்டுக்குப் போயிட்டு இருக்கறன். இன்னைக்கு வாய்தா.

ஏன் நகுந்து உக்காறீங்க? எடந்தான் இருக்குதே. நல்லா உக்காருங்க.

என்ற பேரு கிட்டுசாமி. சோமனூர்ல தறிக்குடோனு வெச்சிருக்கறன். ஊருக்குள்ள கேட்டீங்கன்னா நான் கோவக்காரன்னு நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாங்க. நம்பாதீங்க. நான் கை நீட்டறவன் கிடையாது. தறிக்குடோன்ல ஆளுங்களுக்கு ஒரு அடி கிடி பட்டிருக்கும், இல்லைன்னு சொல்லல. தறிச் சத்தத்துல வாயில சொன்னா எவனுக்குக் கேக்குது, அதுக்காகத் தொட்டுக் கூப்புடறது. அதப் போயி அடின்னு சொன்னா என்னங்க பண்றது?

எனக்கு ஒரே தங்கச்சிங்க. சாந்தாமணின்னு பேரு. சுல்தான்பேட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்குது. அப்பனும் ஆத்தாளும் போனப்பறம் அவளுக்குப் பொறந்த வூடுன்னா நாந்தான். அவ புள்ளைக்கு என்ற மடியில வெச்சுத்தான் காது குத்துனாங்க. புள்ள பெரிய மனுசி ஆனப்ப சீர் கொண்டு போயி எறக்குனதும் நாந்தான். மாமன் மொறைன்னு ஒண்ணு இருக்குதுங்க தம்பி. பொறந்தவன் மொறைன்னு ஒண்ணு இருக்குது. காசு பணம் எவன் வேணும்னாலும் கொடுப்பான், மொறைய எவன் கொடுப்பான்? எனக்கு அது ஒண்ணு போதும். அதப் புடுங்கப் பாத்தாங்க, அதுதான் இத்தனைக்கும் காரணம்.

எங்க பக்கம் கல்யாணத்துக்கு மொத நாள் பொழுதோட பொண்ண மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறது தாய்மாமனுங்க. முன்ன குதிரையில கூட்டிட்டுப் போவாங்களாம், இப்ப கார்ல. எங்கிட்ட எங்கப்பாரு வாங்குன ஹெரால்டு இருக்குது. வெள்ளை வண்டி, சின்ன வண்டி, ஒரு கீறல் இருக்காது. சாந்தாமணி கல்யாணத்துக்கும் அதுலதான் போனா. அப்ப அவ புள்ளையும் அதுலதான போகோணும்? இதுல பேசறதுக்கு என்ன இருக்குதுங்க?

பேசுனான். மாப்ள பேசுனான். திருமூர்த்தின்னு பேரு. தேங்காக் களம் வெச்சிருந்தான். யாரக் கண்டாலும் ஒரு நையாண்டி. பொறந்த கொழந்தையக்கூட கேலி பண்ணித்தான் தூக்குவான். ஊரே சொல்லும், திருமூர்த்தி இருந்தா நோம்பியாட்டம் இருக்கும்னு. எனக்கு அப்படி இருந்ததில்லீங்க.

புள்ளைக்கு நிச்சயம் பண்ணுன அன்னைக்கு, மாப்பிள்ள வூட்டு ஒறம்பரை எல்லாம் வாசல்ல நிக்கறாங்க. நான் வண்டியக் கொண்டாந்து நிறுத்துனன். இந்த மனுசன் சுத்திச் சுத்திப் பாத்தான். பாத்துட்டு, "மச்சான், டயரு சைக்கிள் டயராட்டம் இருக்குதே, எம்புள்ள உக்காந்தா தாங்குமா?" அப்படின்னான். கொல்லுனு சிரிச்சாங்க. சம்பந்தி சிரிச்சாரு, கல்யாண மாப்பிள்ள சிரிச்சான், சமையக்காரன் கரண்டியோட நின்னு சிரிச்சான். சிரிச்சவங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது. என்ற சம்சாரமும் முந்தானைய வாயில வெச்சுட்டு சிரிச்சா. வூட்டுக்கு வந்தப்பறம் அவ தாடையில என்ற கை பட்டுருச்சு. அடிக்கலீங்க, பட்டுருச்சு. கொஞ்ச நாள் வீக்கம் இருந்துச்சு, அப்பறம் சரியாப் போச்சு.

அடுத்த நாளே கோயமுத்தூர் போனன். ஒரு கடையில சக்கரத்த அடுக்கி வெச்சிருந்தான். இருக்கறதுலயே அகலமானதா எடுன்னன். கடைக்காரன் வண்டிய எட்டிப் பாத்துட்டு, "அண்ணா, இது கொஞ்சம் ஓவருங்களே"ன்னு இழுத்தான். மாட்றான்னு சொன்னன், மாட்டுனான். மாட்டி எறக்குனப்ப பாக்கோணுமே தம்பி! டயரு மக்காட்டுக்கு வெளிய ரெண்டு விரக்கடை நீட்டிட்டு, வண்டி பொதுக்குனு கால விரிச்சு நின்னுச்சு. சும்மா நின்னாலே ஓடறாப்பல ஒரு தோரணை. எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. இப்பச் சொல்லுடா சைக்கிள் டயருன்னு, அப்படின்னு வண்டிக்குள்ள தனியா உக்காந்து சத்தமாச் சொன்னன்.

தனியா ஓட்டிட்டு வந்தன், ஒரு சத்தமில்ல. வூட்டுக்கு வந்து, எதுக்கும் பாத்துக்கலாம்னு பின்னாடி சீட்டுல நூல் மூட்டைய ஏத்தி ஓட்டுனன். ஊருக்குக் கெழக்கால இருக்கற ஒரு பள்ளத்துல எறங்குனதும் சர்ருனு ஒரு சத்தம். டயரு மக்காட்டுல போயி உரசுது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சக்கரத்துக்கு மேல இருக்கற மக்காட்டோட ஓரம் உள்பக்கமா மடிஞ்சு கத்தியாட்டம் நிக்கும். பின்னால பாரம் ஏறி வண்டி அமுந்துச்சுன்னா டயரு அந்தக் கத்தியில போயி ஒக்காரும். பழைய சக்கரம் ஒடுக்கமானது, உள்ளுக்குள்ளயே சுத்திட்டு இருந்துச்சு. இது அகலம்.

பழைய சக்கரத்தையே மாட்டிக்கலாமேன்னு என்ற சம்சாரம் சொன்னா. நல்லாச் சொன்னா போங்க! அவன்கிட்டத் தோத்துப் போயிட்டன்னு நானே சொல்லிக்கறதா? அதுக்கப்பறம் அவ எதுவும் சொல்லல. சொல்ற மாதிரி நான் வெச்சுக்கல.

டிங்கர் ராயப்பனக் கூப்புட்டன். அவனும் சாதாரண ஆளில்ல, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான், தகரத்துல பொம்மை செஞ்சு பேச வெச்சுருவன்னு பீத்திக்குவான். ஆனா வேல சுத்தம். மக்காட்டு ஓரத்துக்கு சூடு காட்டி, மர சுத்தியில தட்டித் தட்டி மேல மடிச்சு ஒட்ட வெச்சுட்டா டயருக்கு எடம் கெடச்சுரும், கண்ணாலத்துக்கு யானையவே ஏத்துங்கன்னு சொன்னான். எடது பக்கம் முடிச்சான். கையில தடவிப் பாத்தா வெண்ணெயாட்டம் இருந்துச்சு. மூட்டைய ஏத்திப் பாத்தன், அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

மறுநாள் வலது பக்கம் ஆரம்பிச்சான். கொஞ்ச தூரந்தான் மடிச்சிருப்பான், மேல பெயிண்டு பொரிஞ்சு பொலபொலன்னு கொட்டிருச்சு. எங்கப்பாரு வாங்குன வண்டிங்க! கீறல் இல்லாத வண்டி! எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவன் தலையச் சொறிஞ்சுட்டு, பழைய பெயிண்டு பொரியத்தான் செய்யும், ஆசப்பட்டு அகலமாப் போட்டா அதுக்குண்டானத அனுபவிக்கத்தான வேணும்னு சிரிச்சான். சிரிக்கறான் தம்பி. அவனுக்கும் ஒரு சிரிப்பு. இரும்பு சுத்தி என்ற கைக்கு எட்டத்துல இருந்துச்சு, அவன் கை மக்காட்டு மேல இருந்துச்சு. பட்டுருச்சு.

விரலு ரெண்டு போச்சு. போச்சுன்னா, ஒடஞ்சு போச்சு. எலும்பு வெளிய தெரிஞ்சுது, கத்துனான், கத்தாம இருப்பானா. ஆஸ்பத்திரிச் செலவு நாந்தான் பாத்தன், அதச் சொல்ல மாட்டான் ஊர்ல. நாயமா அவன் என்ன பண்ணியிருக்கோணும்? எடுத்த வேலைய முடிச்சுக் கொடுத்துட்டுப் போயிருக்கோணும். பாதியில உட்டுட்டுப் போயிட்டான். இன்னைக்கு வரைக்கும் சொல்றன், அன்னைக்கு அவன் அந்த வலது பக்கத்த முடிச்சிருந்தான்னா எங்க மாப்ள உசுரோட இருந்திருப்பான். கேசு போட்டா அவன் மேல போட்டிருக்கோணும்.

வேற டிங்கருக்குச் சொல்லி உட்டன், ஒருத்தனும் வரல. ஒருத்தனுக்கு சொகமில்ல, ஒருத்தன் ஊர்ல இல்ல, ஒருத்தன் போனே எடுக்கல. சரி, போங்கடான்னு நானே சுத்தி எடுத்து அடிச்சன். எனக்கு அந்தச் சூடு காட்டற பக்குவமெல்லாம் தெரியாது. தகரம் மடியல, அடிக்க அடிக்க நெளிஞ்சு அங்கங்க கிழிஞ்சு போச்சு. உள்ள கைய உட்டாக் கையக் கீறுச்சு. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் வெள்ளை பெயிண்ட வாங்கி நானே பூசி உட்டன்.

யோவ்! கொஞ்சம் தள்ளி நில்லுய்யா. உன்ற பைய என்ற தோள் மேல வெக்கறதுக்கா நான் டிக்கெட்டு எடுத்திருக்கறன்? கூட்டமா இருந்தா? கூட்டமா இருந்தா மேல வந்து உழுவியா? கைய எடு. எடுங்கறன். அட, கையத் தொட்டதுக்கு எதுக்கு இப்படி மொனகற? பாத்தீங்களா தம்பி, மணிக்கட்டத் தேச்சு உட்டுட்டு மொறைக்கறத. லேசாத் திருப்புனதுக்கே இந்தப் பாடு. சனங்களுக்கு ஒடம்புல தெம்பே இல்ல இப்பவெல்லாம்.

எங்க உட்டன்? ஆங், பத்திரிக்க. தாய்மாமனுக்குத்தான் மொதப் பத்திரிக்க வெப்பாங்க. தட்டத்துல வெத்தலை பாக்கு பழத்தோட சாந்தாமணியும் அவனும் வந்தாங்க. வண்டிய வாசல்ல, அவன் கண்ணுல படறாப்பலத்தான் நிறுத்தியிருந்தன். எறங்குனான், பாத்தான், இடுப்புல கைய வெச்சுட்டு நின்னான். "அடடே, மச்சான் வண்டிக்கு யானைக்கால் வந்துருச்சா!"

எனக்கு அப்பவே கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. தட்டத்தக் கையில வெச்சுட்டு சாந்தாமணி நிக்கறா, அதுக்காகப் பல்லக் கடிச்சுட்டுப் பேசாம இருந்தன். உள்ள வந்து காப்பி குடிச்சுட்டு மெல்ல ஆரம்பிக்கறான். பெரிய வண்டி ஒண்ணு வாடகைக்குச் சொல்லியிருக்கறானாம். புள்ள அதுல வரட்டும், மாமன் வண்டி சீர்த் தட்டத்த ஏத்திட்டு முன்னால போகட்டும், அதும் மரியாதைதானன்னு. தட்டத்த ஏத்தறதுக்கு நான் என்ன டெம்போவா வெச்சிருக்கறன்? பொண்ணு என்ற வண்டியிலதான் வரோணும், இல்லாட்டி பொறந்த வூடு செத்துப் போச்சுன்னு எழுதிக்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சிட்டன்.

சாந்தாமணிதான் நடுவுல வந்தா. "அண்ணன் ஆசப்படறாரு, உட்ருங்களேன்"னு புருசன்கிட்டச் சொன்னா. அவன் அவ மூஞ்சியப் பாத்துட்டு, சரின்னு சொல்லிட்டான். எனக்காக அவ பேசுனா பாத்தீங்களா? அதுதாங்க கூடப் பொறந்த பொறப்பு.

அந்த நாளு வந்துச்சு. வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் வெச்சு, ராசா மாதிரி போயி நின்னன். புள்ள பட்டுச் சீலையில வந்து ஏறுச்சு. மிருதுளான்னு பேரு, நாங்க பாப்பான்னுதான் கூப்புடறது. அதோட ஒரு பக்கம் சாந்தாமணி, இன்னொரு பக்கம் எங்க பெரியம்மா. பெரியம்மா ஒடம்பு சும்மா இல்லீங்க, பாதிச் சீட்டு அவளுக்கே வேணும். அதுவும் ஏறுனது வலது பக்கம். முன்னால என்ற சம்சாரம் மடியில மண்ணுக் கொடத்தோட. டிக்கி நெறைய வெங்கலச் சாமான். மாப்ள அந்தப் பெரிய வண்டியில பின்னாடி வர்றான், அவன்கூட டிரைவரும் ரெண்டு பங்காளிகளும்.

சூலூர் மண்டபத்துக்குப் போற ரோடு உங்களுக்குத் தெரியுமா? அப்ப தண்ணிக் கொழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தாங்க. ஒவ்வொரு குழியிலயும் வலது பக்கம் சர்ருனு இழுக்குது. சாந்தாமணி, அண்ணா என்னமோ சத்தம் கேக்குதுங்களேன்னா. ரோடு அப்படி, நீ பேசாம வான்னன். சித்த நேரத்துல ரப்பரு கருகற வாசம். பெரியம்மா மூக்கப் பொத்துனா. பாப்பா, மாமா நிறுத்துங்க மாமான்னுச்சு. என்ற சம்சாரம் வாயத் தொறக்கல, கொடத்தக் கெட்டியாப் புடிச்சுட்டு நேராப் பாத்துட்டு இருந்தா. அவளுக்குத் தெரிஞ்சிருக்குது, வேணும்னே பேசாம வந்திருக்கறா. ஜாமீன்ல வெளிய வந்தப்பறம் அத நான் கேட்டன், விடுங்க.

எப்படித் தம்பி நிறுத்தறது? பின்னால அவன் வர்றான். நிறுத்துனா எறங்கி வந்து என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? மிதிச்சன். அவனும் வேகமா வந்து பக்கத்துல ஒட்டிட்டு வர்றான். கண்ணாடிய எறக்கி, பாதி ஒடம்ப வெளிய நீட்டி, கைய ஆட்டி ஆட்டி என்னமோ கத்தறான். காத்துல ஒண்ணும் கேக்கல. பல்லு தெரிஞ்சுது. சிரிக்கறான். கோர்ட்டுல அந்த டிரைவர் சொல்றான், அவர் சிரிக்கலீங்க, டயர்ல பொகை வருது நிறுத்துங்கன்னு கும்பிட்டுட்டு வந்தாருங்கன்னு. அவன் கூலிக்கு வந்தவன், அவனுக்கு எங்க மாப்ளையப் பத்தி என்ன தெரியும்? சிரிச்சான். நான் பாத்தன்.

இன்னும் மிதிச்சன். டமார்னு ஒரு சத்தம். கிழிஞ்ச தகரம் டயர அறுத்துருச்சு. வண்டி ஒரு சுத்து சுத்தி, தோண்டிப் போட்ட மண்ணு மேல ஏறி, கொழாய் அடுக்கி வெச்சிருந்ததுல போயி மோதி நின்னுச்சு.

பெரியம்மா ஐயோ ஐயோன்னு கத்தறா. கொடம் ஒடஞ்சு என்ற சம்சாரம் கையெல்லாம் ரத்தம். பாப்பாவுக்கு நெத்தியில வெட்டு. நெத்திச் சுட்டி உள்ள ஏறிக் கிழிச்சு, மூஞ்சி பூரா ரத்தம் வழியுது. கல்யாணப் பொண்ணுங்க. நான் எறங்கி மொதல்ல சக்கரத்தப் பாத்தன். ஸ்டெப்னி இருக்குது, மாத்திட்டா கெளம்பிரலாம், நேரம் இருக்குதுன்னு ஜாக்கியும் கம்பியும் எடுத்துட்டு வந்தன். வண்டி ஓட்டறவன் அதத்தான பண்ணோணும்? கம்பிய வேணும்னு எடுத்தன்னு சொல்றாங்க. சக்கரம் மாத்தறவன் கம்பி எடுக்காம கரண்டியா எடுப்பான்?

அதுக்குள்ள அவன் ஓடி வந்து கதவத் தொறந்து புள்ளையத் தூக்கறான். ரெண்டு கையிலயும் கொழந்தையாட்டம் தூக்கிட்டு அவன் வண்டிப் பக்கம் நடக்கறான். மாமன் தூக்க வேண்டிய புள்ளைய! எறக்கி வைன்னன். திரும்பல. மாப்ள, எறக்கி வைன்னன். திரும்பி, "மச்சான், மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம். உங்க வண்டிய அப்பறம் பாத்துக்கலாம்"னான். சிரிக்காமச் சொன்னான். மொத மொறையா அன்னைக்குத்தான் அவன் சிரிக்காமப் பேசி நான் கேட்டன். புள்ளைய சீட்டுல படுக்க வெச்சுட்டுக் கதவச் சாத்துனான். சாத்தறான்னா என்ன அர்த்தம்? மாமன் மொறைய அவ்வளவு பேருக்கு முன்னால சாத்திட்டான்னு அர்த்தம்.

கம்பி கையில இருந்துச்சு. பட்டுருச்சு.

ஒருக்காதான் பட்டுச்சுன்னு எனக்கு ஞாபகம். டாக்டர் ஒண்ணுக்கு மேல எழுதியிருக்கறாராம். மண்டையில பட்டதும் அவன் என்னைப் பாத்துட்டே முட்டி போட்டு உக்காந்தான். அப்பறம் அப்படியே முன்னால சாஞ்சான். பட்டுச் சட்டைக் காலர் செவந்து, மண்ணு செவந்து, காது வழியா வந்துட்டே இருந்துச்சு. பங்காளிக ரெண்டு பேரும் எட்டத்துல நிக்கறானுக, கிட்ட வரல. சாந்தாமணி வந்து அவன் தலையத் தூக்கி மடியில வெச்சுட்டா. அவ அழுவல தம்பி. என்னை நிமிந்து பாத்தா. பாத்துட்டே இருந்தா.

நான் என்ன பண்ணுனன் தெரியுங்களா? நேரம் போகுதே, முகூர்த்தப் பொண்ணு ரோட்டுல நிக்கலாமான்னு, உக்காந்து சக்கரத்தக் கழட்டுனன். நட்டு ஒவ்வொண்ணா முறுக்கி ஸ்டெப்னிய மாட்டுனன். அது பழைய ஒடுக்கச் சக்கரம், கச்சிதமா உக்காந்துச்சு. ஜாக்கிய எறக்கிட்டு, வண்டியில ஏறி ஸ்டார்ட் பண்ணி, ஆரன் அடிச்சன். பாப்பா, வந்து ஏறுன்னு கூப்புட்டன். அந்தப் பெரிய வண்டி அவங்க எல்லாரையும் ஏத்திட்டு எப்பவோ ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு. ரோட்டுல போனவங்க கூட்டமா நின்னு பாக்கறாங்களே ஒழிய, ஒருத்தரும் வந்து ஏறல. போலீஸ் வர்ற வரைக்கும் ஆரன் அடிச்சுட்டே இருந்தன்.

ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே அவன் முடிஞ்சு போயிட்டானாம். என்னை உள்ள வெச்சாங்க. என்ற சம்சாரம் அவ அப்பன் வூட்டுக்குப் போயிட்டா. பாப்பாவ அந்தப் பையனே கட்டிக்கிட்டான், ஒரு கோயில்ல வெச்சு, நாலே பேரோட. மாமன் எடத்துல யார நிறுத்துனீங்கன்னு உள்ள இருந்து கேட்டு உட்டன். யாரையும் நிறுத்தலையாம். பாருங்க, அந்த எடத்துக்கு வேற ஆளப் போட பாப்பாவுக்கு மனசு வரல.

ஆனா எனக்கு வெசனமெல்லாம் சாந்தாமணி பத்தித்தாங்க. புருசன் போயிட்டா பொறந்தவன்தான் கோடிச் சீலை கொண்டு போயிப் போடோணும். அதுக்கப்பறந்தான் தாலிய எறக்கறது. நான் உள்ள கெடக்கறன், அவளுக்குக் கோடி போட ஆளில்ல. கருமாதியன்னைக்கு எங்க பெரியப்பன் மவன் ஒரு சீலையத் தூக்கிட்டுப் போயி நின்னிருக்கறான், நானும் பொறந்தவன்தானன்னு. அவ கையில வாங்கல. எங்கண்ணன் இருக்கறாரு, அவரு போட்டாப் போதும்னு சொல்லித் திருப்பி உட்டுட்டா. ஜெயிலுக்குள்ள அதக் கேட்டப்ப அழுதுட்டன் தம்பி. வக்கீல் சொல்றாரு, அவதான் முக்கியமான சாட்சி, அவ வாயில இருந்து வர்றதுலதான் உங்க உசுரு இருக்குதுன்னு. அவருக்கு என்ன தெரியும் எங்களப் பத்தி? எனக்காகக் காத்துட்டு இருக்கறாளுங்க அவ. இத்தனை மாசமா நெத்தியில பொட்டும் கழுத்துல தாலியுமா இருக்கறாளாம். ஊரு என்ன பேசும்னுகூடப் பாக்கல.

ஜாமீன் கெடச்சதும் தங்கச்சி ஊர்ப் பக்கமே போகக் கூடாதுன்னு எழுதி வாங்குனாங்க. பொறந்தவன் போகாம யாரு போறது? போன வாரம் சீலைய வாங்கிட்டுப் போனன். வெளுப்புதான், ஆனா நல்ல கெட்டி நூலு, என்ற கண்ணுல பாத்து எடுத்தது. சாந்தாமணி வாசப்படிக்கு வந்தா. வாங்கண்ணான்னு கூப்புட்டா. உக்காரச் சொல்லல, பரவால்ல. சீலைய நீட்டுனன். அவ கைய நீட்டல. அப்பறம் மெல்ல, சத்தமில்லாமச் சொன்னா.

"உங்க கையாலதாங்ணா கோடி வாங்குவன். ஆனா இங்க வேண்டாம். வாய்தா அன்னைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டாங்க. நீங்க அவர எப்படி அடிச்சீங்கன்னு மொதல்ல அங்க சொல்லிப் போடறனுங்ணா. ஒண்ணு விடாமச் சொல்லி முடிச்சுட்டு, அங்கயே தாலியக் கழட்டி உங்க கையில கொடுக்கறன். அப்பறம் போடுங்கண்ணா."

கேட்டீங்களா தம்பி? அண்ணான்னு கூப்புட்டா. ஒருக்கா இல்ல, ஒவ்வொரு வார்த்தைக்கும் அண்ணான்னு கூப்புட்டா. இத்தனை நடந்தப்பறமும் எவளாச்சும் கூப்புடுவாளா? ஜட்ஜய்யா முன்னால நாந்தான் பொறந்தவன்னு ஒத்துக்கிட்டு என்ற கையால கோடி வாங்கறான்னா, அப்பறம் என்னங்க கேசு இருக்குது? வக்கீலு தலையில அடிச்சுக்கறாரு, அதக் கொண்டாராதீங்க கொண்டாராதீங்கன்னு. அவரு வேத்து மனுசன், மொறை தெரியாது. கொஞ்சம் பேசுனாரு, அவரு மூக்குக் கண்ணாடி கீழ உழுந்து ஒடஞ்சு போச்சு, அதுல இருந்து பேசாம இருக்கறாரு.

இதா, இந்த மஞ்சப் பையிலதான் வெச்சிருக்கறன். தொட்டுப் பாருங்க, எப்படி இருக்குது நூலு?

கோர்ட்டு ஸ்டாப்பு வந்துருச்சாட்டம் இருக்குது. சித்த கால ஒதுக்குங்க தம்பி, சீலை கசங்காம எறங்கோணும்.